பின்கட்டில் குடியிருந்த ரேடியோக்காரம்மா

"ஸ்ரீரங்கத்துல படுத்துக்கிட்டே பேர் வாங்குனவர் உங்க பெருமாள் ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு வேலை பார்க்க வேண்டியிருக்கு" என்று அந்தம்மா சொன்னபோது நான் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்டே சிரித்தேன். சிரித்த பாவத்துக்காக மறுபடி போட்டுக்கொண்டேன். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அந்தம்மா குடியிருந்த வருஷங்களில் என் கன்னம் சிவக்காத நாள் குறைவு.

நான் எட்டாவதோடு நின்றவள். காலையில் குளித்துக் கோயிலுக்குப் போய் வருவது, சமைப்பது, ஏகாதசி தவறாமல் இருப்பது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. நடிப்பைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் கூட இருந்த மனுஷியைப் பற்றி யாரும் சொல்லலாம் இல்லையா.

அந்தம்மாவுக்குப் பேர் மூன்று. நாடகக் கம்பெனியில் வைத்தது ஒன்று, ரேடியோவில் சொல்வது ஒன்று, ரேஷன் கார்டில் இருந்தது ஒன்று. எது நிஜம் என்று ஒரு தடவை கேட்டேன். யார் கூப்பிடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது என்றது. அதனால் நானும் இங்கே ஒன்றையும் எழுதவில்லை. எங்களுக்கு ரேடியோக்காரம்மா. புருஷன் இருக்கிறாரா என்று தெருப் பெண்கள் நைசாகக் கேட்டால், "எந்த நாடகத்துல?" என்று திருப்பிக் கேட்கும். அதற்கு மேல் கேட்கத் துணிந்தவர்கள் இல்லை.

என் வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் சொல்லித்தான் அந்தம்மா பின்கட்டுக்குக் குடி வந்தது. வந்த அன்றே எங்கள் வீட்டில் சண்டை. சண்டை போட்டது என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், சின்ன வயதிலேயே தாலி அறுத்தவர், எங்களோடுதான் இருந்தார். ஆசாரம் என்றால் அப்படி ஓர் ஆசாரம். எங்கள் தெரு வரிசையில் எந்த நோன்பு என்றைக்கு, எதற்கு எத்தனை நாள் தீட்டு என்று சந்தேகம் வந்தால் பஞ்சாங்கத்தைப் பார்க்கமாட்டார்கள், எங்கள் நாத்தனாரைக் கேட்பார்கள். பெருமாள் இருக்கிற வீதியில் கூத்துக்காரியைக் குடிவைப்பதா என்று அவர் கேட்டார். ரேடியோவில் பேசுகிறவளை யாரும் பார்க்கப் போவதில்லை அக்கா, குரல் மட்டும்தான் போகும் என்று என் வீட்டுக்காரர் சமாளித்தார். சரி, குரல் அடுப்படிக்கு வரக்கூடாது என்று நாத்தனார் சொல்லிவிட்டார்.

குரலா வராமல் இருக்கும்?

எங்கள் வீட்டில் பழைய வால்வு ரேடியோ ஒன்று இருந்தது. சூடாகிப் பேச ஆரம்பிப்பதற்குள் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம். அதில் வாரத்துக்கு ஒரு தடவையாவது அந்தம்மா வரும். கிராமத்து நிகழ்ச்சியில் புருஷனை விரட்டுகிற பொண்டாட்டி, நாடகத்தில் வம்பு பேசும் பக்கத்து வீட்டுக்காரி, காது கேட்காத மாமியார். அந்தம்மா வாயைத் திறந்து "ஏங்க" என்று ஒரு வார்த்தை சொல்லும், எங்கள் வீட்டில் கூடியிருக்கிற அத்தனை பேரும் சிரிப்பார்கள். நாத்தனார் அந்த நேரம் பார்த்து உள்ளறைக்குப் பருப்பு எடுக்கப் போவார். ஒரு தரம் நான் பின்னாலேயே போனேன். பருப்புப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தும்மல் என்றார்.

அந்தம்மா வசனத்தை மனப்பாடம் பண்ணி நான் பார்த்ததில்லை. வேஷம் வந்ததும் முதல் காரியமாகப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். எங்கே என்றால், "குரல் எடுக்கப் போறேன்" என்று சொல்லும். கடைக்குப் போய்க் கத்திரிக்காய் எடுக்கிற மாதிரி. மலைக்கோட்டைக்குக் கீழே வளையல் கடை, காந்தி மார்க்கெட், சமயபுரத்தில் மொட்டையடிக்க நிற்கிற கூட்டம், எங்கே ஜனம் வாயைத் திறக்கிறதோ அங்கே போய் உட்காரும். திரும்பி வரும்போது வேறு ஆளாக வரும். டவுன் பஸ் கண்டக்டர் குரலோடு வந்து எங்கள் வீட்டுப் பூனையை "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று விரட்டியது. பூனை போய்விட்டது. அதற்குப் பிறகு கண்டக்டரைப் பார்த்தால் என்னால் டிக்கெட் கேட்க முடிவதில்லை, சிரிப்பு வந்துவிடும்.

வைகுண்ட ஏகாதசிக்கு நானே அழைத்துப் போனேன், கொஞ்சமாவது பக்தி ஒட்டட்டும் என்று. பரமபத வாசலில் அந்த நெரிசலில் என் முழங்கை யார் விலாவிலோ, யார் முழங்கையோ என் விலாவில். வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு அந்தம்மா சொன்னது: "சொர்க்கத்துக்குப் போற வாசல்லயே இந்த இடி இடிக்கிறாங்களே, நரகத்து வாசல்ல எவ்வளவு மரியாதையா நிப்பாங்க, பாருங்க." பிறகு ஒரு வாரம் எங்கள் கொல்லையில் அந்தக் கூட்டம் முழுக்க இருந்தது. தள்ளாதே என்கிற கிழவி, தள்ளிக்கொண்டே தள்ளாதே என்கிற கிழவி, ரங்கா ரங்கா என்று கூப்பிட்டுக்கொண்டு காலை மிதிக்கிறவர். ஒரே ஆள், ஒரே வாய்.

இதையெல்லாம் கேட்டால் சந்தோஷமான ஜென்மம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் தெருவில் ஒரு சாவு விழுகிற வரைக்கும்.

கோடி வீட்டுப் பெரியவர் தவறிப்போனார். நல்ல மனிதர். அந்தம்மாவும் என்னோடு துக்கம் கேட்க வந்தது. பெண்கள் எல்லாம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். அந்தம்மா அந்தப் பெரியவரின் மகள் கையைப் பிடித்து, உண்மையான வருத்தத்தோடு, "எப்பிடிம்மா ஆச்சு?" என்று கேட்டது. இரண்டே வார்த்தை. கூட்டத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்றாள். அப்புறம் இன்னொருத்தி. கடைசியில் அந்த மகளே முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. வாசலில் நின்ற ஆண்கள் பாவம், அப்பாவை நினைத்துத் தாங்க முடியாமல் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

திரும்பி வரும்போது அந்தம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தது. பின்கட்டுப் படியில் உட்கார்ந்து, தன் கதையை முதல் தடவையாகச் சொன்னது. கம்பெனியில் சிறு பெண்ணாக இருந்தபோது மகாராணி வேஷம் போடுகிறவளுக்கு ஜுரம். அன்றைக்கு ஒருநாள் இந்தம்மா மகாராணி. செத்துப்போன குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு புலம்புகிற கட்டம். கொட்டகையே அழுகிறது. அந்த நேரம் பார்த்து பொம்மைக் குழந்தையின் தலை கழன்று, மேடையில் உருண்டு, ஆர்மோனியக்காரர் காலடியில் போய் நின்றது. இந்தம்மா பதறிப் போய், "ஐயோ, யாராச்சும் எடுத்துக் குடுங்களேன்" என்று கேட்டுவிட்டது. கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. கம்பெனி முதலாளி அன்றைக்கே, நீ சிரிப்புக்குத்தான் பிறந்தவள் என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல் சிரிப்புதான். ஒருத்தருக்கும் இந்தக் குரலில் அழுகை கேட்பதில்லை.

"எனக்கு ஒரே ஒரு தடவை, நான் பேசி நாலு பேர் சிரிக்காம இருந்தா போதும், வீட்டுக்காரம்மா" என்றது. அதைச் சொன்னபோதும் எனக்குச் சிரிப்புதான் முட்டிக்கொண்டு வந்தது. பெருமாளே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பெருமாள் கேட்டுக்கொண்டாரோ என்னமோ. படுத்துக்கொண்டே வேலை பார்க்கிறவர்தானே. (இது அந்தம்மா சகவாசம்.) கொஞ்ச மாதத்தில் ரேடியோ நிலையத்தில் ஒரு பெரிய நாடகம். வெளியூர் போன மகனுக்காகக் காத்திருந்து, அவன் வருவதற்குள் செத்துப்போகிற தாய். அந்தத் தாய் வேஷத்துக்கு இருந்தவர் பேறுகாலத்துக்குப் போய்விட்டார். நாடகப் பொறுப்பில் இருந்தவர் யோசித்து யோசித்து, ஒரு தடவை பார்க்கலாம் என்று அந்தம்மாவிடம் கொடுத்தார். கேட்கிறவர்கள் சிரித்துவிட்டால் இனிமேல் இந்தப் பேச்சே கிடையாது, காது கேட்காத மாமியாரோடு காலத்தை ஓட்டிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார். அப்போதெல்லாம் நாடகம் நேராகவே போகும். தப்பினால் தப்பினதுதான்.

அந்தம்மா பையை எடுத்துக்கொண்டு கிளம்பியது. மார்க்கெட்டுக்குப் போனது, சமயபுரம் போனது, ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார்ந்திருந்தது. வெறுங்கையோடு வந்தது. எல்லாரும் நன்றாக அழுகிறார்கள், ஆனால் அதை நான் அழுதால் சிரிப்பாகிவிடும் என்றது. பிறகு ஒரு வாரம் எங்கேயும் போகவில்லை. பின்கட்டிலேயே இருந்தது. அடுப்படிக்குள் வரக்கூடாது என்பதால் கிணற்றடியில் பாத்திரம் தேய்ப்பதுபோல உட்கார்ந்துகொண்டு, ஒரே செம்பை நாள் முழுக்கத் தேய்த்தது.

ஒருநாள் நான் துணி துவைக்கப் போனேன். கிணற்றுக்கு அந்தப் பக்கம் என் நாத்தனார் குரல் கேட்டது. நாத்தனார் அப்போது கோயிலில் இருந்தார். துணியை அப்படியே கல்லில் போட்டேன். எட்டிப் பார்த்தால், அந்தம்மா.

என் நாத்தனாருக்குப் பேச்சில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வாக்கியத்தை ஆரம்பிப்பார், நடுவில் நின்றுவிடுவார், பிறகு விட்ட இடத்திலிருந்து சொல்லி முடிப்பார். "புளியைக் கொஞ்சம்" என்பார், நிற்பார், "ஊறப் போடும்மா" என்பார். நாங்கள் அதை இளைப்பு என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருந்தோம். அந்தம்மா தெருப் பக்கம் காதைக் கொடுத்து நின்று நின்று அதை அப்படியே பேசியபோதுதான் எனக்கு விளங்கியது. தெருவில் யாராவது நடந்து போகிற சத்தம் கேட்டால்தான் நாத்தனார் நிற்கிறார். அந்தக் காலடி எங்கள் வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் மீதியைச் சொல்கிறார். அவருக்கு ஒரே மகன். பினாங்குக்குக் கடை வேலைக்குப் போனவன். முதலில் தகவல் வந்தது, பிறகு வரவில்லை. அவனைப் பற்றி நாத்தனார் எங்களிடம் பேசுவதே இல்லை. மறந்துவிட்டார் என்று நாங்கள் சமாதானம் பண்ணிக்கொண்டிருந்தோம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது வேண்டாங்க, என்றேன். கண்டக்டரை எடுத்தீர்கள், கோயில் கூட்டத்தை எடுத்தீர்கள், போகட்டும். இவர் எங்கள் வீட்டு மனுஷி. ரேடியோவில் தன் பேச்சைத் தானே கேட்டால் அவர் உயிரோடு இருப்பாரா?

அந்தம்மா செம்பைக் கீழே வைத்தது. "ஊர்ல எல்லாரும் அழுறாங்க, வீட்டுக்காரம்மா. அழாம இருக்கிறது உங்க நாத்தனார் ஒருத்தர்தான். எனக்கு அதுதான் வேணும். அவங்க கண்டுபிடிச்சுட்டா, நீங்க சொல்றதுக்கு முன்னால நானே வீட்டைக் காலி பண்ணிடுறேன்."

நான் என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. கோயிலுக்குப் போய், தாயார் சன்னதியில் நின்று, அன்றைக்கு ரேடியோ கெட்டுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ரேடியோ என்றைக்கும் இல்லாத தெளிவாகப் பேசியது.

நாடகத்தன்று அந்தம்மா கண்ணாடி வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மத்தியானமே பஸ் ஏறியது. மைக்குக்கு முன்னால் வளையல் கலகலத்தால் அதுவும் ஊருக்கெல்லாம் கேட்குமாம். நாடகம் எப்படி இருந்தது என்று நிலையத்தில் மற்றவர்களிடம் கேட்கப் பயம், உங்கள் நாத்தனார் சிரிக்க உள்ளறைக்குப் போனாரா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. பருப்புப் பானை விஷயம் அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது.

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்தில் அக்கம்பக்கத்தார் எல்லாம் பொரியும் கடலையுமாகச் சிரிக்கத் தயாராக வந்து உட்கார்ந்தார்கள். நாத்தனார் வழக்கம்போல நிலைப்படிக்கு உள்பக்கம். முதல் வசனத்துக்கு எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாவதுக்கு இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாவதில் அந்தத் தாய், "அவனுக்குச் சோறு" என்று சொல்லி நின்றாள். ரேடியோவில் ஒன்றுமே இல்லை. கெட்டுவிட்டதோ என்று என் வீட்டுக்காரர் ரேடியோக் குமிழைத் தொடப் போனார். "எடுத்து வச்சிருக்கேன்" என்று முடித்தாள். பொரி தின்றுகொண்டிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. அதற்கப்புறம் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ரேடியோவைப் பார்க்கவே இல்லை, நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் உள்ளறைக்குப் போகவில்லை. அசையவும் இல்லை.

அந்தத் தாய் செத்துப்போனாள். பெரிய அழுகை, புலம்பல் ஒன்றும் இல்லை. ஒரு வாக்கியம் ஆரம்பித்தது, நடுவில் நின்றது, முடியவில்லை. அவ்வளவுதான்.

நாத்தனார் எழுந்தார். நேராகக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்குகிற சத்தம், தண்ணீர் விழுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கட்டின புடவையோடு தலையில் ஊற்றிக்கொள்கிறார். என்னக்கா இது, இந்த நேரத்தில் என்று என் வீட்டுக்காரர் பதறினார்.

"சாவு சேதி காதுல விழுந்திருக்கு. குளிக்காம எப்பிடிடா அடுப்படிக்குப் போறது?"

"அது நாடகம்க்கா."

"இருக்கட்டும். மகன் பக்கத்துல இல்லாம போயிருக்கா. யாராச்சும் ஒருத்தர் குளிக்க வேணாமா?"

கொல்லைக் கதவருகே நின்ற அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தீட்டுச் சட்டம் எல்லாம் தெரிந்த மனுஷியே குளித்தால், மற்றவர்கள் எப்படிக் குளிக்காமல் போவது? ஒவ்வொருத்தராக எழுந்து வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் வரிசையில் எல்லாக் கொல்லையிலும் வாளிச் சத்தம். ரேடியோவில் செத்தவளுக்காக ஸ்ரீரங்கத்தில் ஒரு தெரு தலைமுழுகியது. நானும் குளித்தேன். எதற்கு வம்பு. என் வீட்டுக்காரர் மட்டும், இது என்ன கூத்து என்று முணுமுணுத்துவிட்டுக் கால் கழுவிக்கொண்டு வந்தார்.

அந்தம்மா அன்றைக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வரப் பயந்துகொண்டு உறையூரில் தெரிந்தவர்கள் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் வந்தது. உள்ளே வராமல் கொல்லை வாசலில் நின்றுகொண்டு, உங்கள் நாத்தனார் சிரித்தாரா என்று என்னைக் கேட்டது. இல்லை என்றேன். அழுதாரா என்றது. இல்லை, குளித்தார் என்றேன். அந்தம்மாவுக்குப் புரியவில்லை. நான் தெரு முழுக்கக் குளித்த கதையைச் சொன்னேன். அந்தம்மா கதவைப் பிடித்துக்கொண்டு அதை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னது. நிலையத்தில் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டேன். பாராட்டினார்கள், இனிமேல் இந்த மாதிரி வேஷமும் தருகிறார்களாம் என்று, யாருக்கோ நடந்த மாதிரி சொன்னது. அப்படியே தரவும் செய்தார்கள். அதற்குப் பின் எத்தனையோ வருஷம் திருச்சி ஜில்லா முழுக்க அந்தம்மா பேச்சுக்குச் சிரித்தது, அழுதது. ஆனால் அன்றைக்குக் காலையில் அதெல்லாம் அந்தம்மா காதில் ஏறியதாகவே எனக்குத் தோன்றவில்லை. கண் முழுக்க அடுப்படிப் பக்கம்.

உள்ளேயிருந்து நாத்தனார், "யாரு, அவளா? உள்ள வரச் சொல்லு" என்றார்.

அடுப்படிக்குள். நான் என் காதை நம்பவில்லை. அந்தம்மா என் முகத்தைப் பார்த்தது. துணிமணியைக் கட்ட வேண்டியதுதான் என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு உள்ளே போனது. நானும் பின்னால் போய் நின்றேன்.

நாத்தனார் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. டம்ளரை அந்தம்மா பக்கம் நகர்த்தி வைத்தார். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தப் பையன் அப்புறம் வந்தானா?"

நாடகத்தில் அவன் வரவே இல்லை. தாய் செத்ததோடு நாடகம் முடிந்துவிட்டது. நாங்கள் எல்லாரும் கேட்டோம், நாத்தனாரும் கேட்டார். அந்தம்மா டம்ளரை எடுக்காமல் கொஞ்சம் யோசித்தது. என் கை தன்னால் கும்பிட்டுக்கொண்டது.

"வந்தான் பெரியக்கா. வராம இருப்பானா? நியூசுக்கு நேரமாயிடுச்சுன்னு அதை ரேடியோவுல போடல."

"அதானே பார்த்தேன்" என்றார் நாத்தனார். கரண்டியைத் துடைத்து வைத்தார். "வந்தவனுக்குச் சோறு போட்டது யாரு? நீதான் செத்துட்டியே."

இந்த இடத்தில் நான் சிரித்திருக்க வேண்டும். வேறு எந்த நாளாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

"பக்கத்து வீட்டு அக்கா போட்டாங்க" என்றது அந்தம்மா. "நல்லாச் சாப்பிட்டான். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்."

"என்ன குழம்பு?"

"வத்தக்குழம்பு, பெரியக்கா."

"ஆமா" என்றார் நாத்தனார். "அவனுக்கு அதுதான் பிடிக்கும்."